முனியப்பன் முன்னால் நின்ற டர்போ லாரி

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். வேலையை விட்டு ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கை எதற்குத் தேடி வருகிறார்கள் என்று எனக்கு முதலில் சந்தேகம்தான் வந்தது. ஒன்று, சாப்பாட்டு மணி அடிக்கும் வரை நேரம் போக வேண்டும். இல்லாவிட்டால் இங்கே யாரோ ஒரு தப்பைச் செய்துவைத்திருக்கிறார்கள், அதை என் வாயால் சொல்லவைக்கப் பார்க்கிறார்கள். எதுவாக இருந்தாலும் எனக்கு நஷ்டமில்லை. ஸ்பானரை எப்படிப் பிடிப்பது என்று நான் சொல்லப்போவதில்லை, அதை உங்கள் கையே கற்றுக்கொள்ளும். எப்படிச் சந்தேகப்படுவது என்பதை மட்டும் சொல்கிறேன். அதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர மாட்டார்கள்.

என் குணமே அப்படி. காபியில் சர்க்கரை போட்டாயிற்று என்று என் மனைவி சொன்னால்கூட ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன். அவளும் இத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் இந்தத் தொழிலில் அந்தக் குணம்தான் எனக்குச் சோறு போட்டது. "நல்லாத்தாங்க ஓடிக்கிட்டிருந்துச்சு, திடீர்னு நின்னுபோச்சு" என்று சொல்லிக்கொண்டுதான் எல்லா வண்டியும் பட்டறைக்கு வரும். இந்தத் 'திடீர்னு' என்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். எந்த வண்டியும் திடீரென்று நிற்பதில்லை. பல நாளாக முனகிக்கொண்டிருந்திருக்கும். கேட்டவன் கேட்காத மாதிரி இருந்திருப்பான். அவன் ஏன் அப்படி இருந்தான் என்று யோசித்தால் பாதி ரிப்பேர் அங்கேயே முடிந்துவிடும்.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. என் பட்டறை அப்போது அடிவாரத்தில், ஏற்காட்டுக்கு ஏறுகிற காட் ரோடு தொடங்கும் இடத்தில் இருந்தது. அதுவரைக்கும் இந்த மலையில் லாரிகள் காலியாக ஏறும், பாரத்தோடு இறங்கும். சில்வர் ஓக் மரம், காபி மூட்டை, ஆரஞ்சுக் கூடை எல்லாம் கீழே வரும். பிரேக் நன்றாக இருந்தால் போதும், இன்ஜினைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். மலை மேலே லாட்ஜுகள் முளைக்க ஆரம்பித்ததும் எல்லாம் தலைகீழாயிற்று. சிமெண்டும் கம்பியும் செங்கல்லும் மேலே போக ஆரம்பித்தன. பழைய லாரிகளுக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் மூச்சு முட்டியது. கம்பெனியிலிருந்தே டர்போவோடு வந்த புது லாரிகள் அவற்றை முந்திக்கொண்டு போயின.

செங்கோடன் என்று ஒருவர். ஒரே ஒரு லாரிக்கு முதலாளி. அதுவும் கிழட்டு லாரி. லாட்ஜுகளுக்குச் சிமெண்டு ஏற்றுகிற வேலை கிடைத்திருந்தது. புது லாரி வாங்க வசதியில்லை, வந்த வேலையை விடவும் மனசில்லை. சேலத்தில் ஒரு பட்டறையில் கொடுத்துப் பழைய இன்ஜினுக்கு டர்போ வைத்துக்கொண்டார்.

டர்போ என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் தெரியும் என்று தலையாட்டுகிறவர்களையும் நான் நம்புவதில்லை. இன்ஜின் வெளியே தள்ளுகிற புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற இன்னொரு சக்கரம் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும். காற்று கூடினால் டீசல் நன்றாக எரியும், இழுவை கூடும். பார்ப்பதற்கு நத்தை மாதிரி இருப்பதால் எங்கள் பட்டறையில் அதை நத்தை என்றுதான் சொல்லுவோம். ஆனால் அந்த நத்தை சுற்றுகிற வேகத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. அதன் தண்டு இன்ஜின் அனுப்புகிற ஆயிலில் மிதந்துகொண்டுதான் உயிர் பிழைக்கிறது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

செங்கோடனுடைய முதல் டர்போ சில மாதங்களிலேயே போயிற்று. சேலத்துக்காரர்கள் இரண்டாவதை மாட்டினார்கள். அது இன்னும் சீக்கிரமாகப் போயிற்று. அதற்குப் பிறகுதான் ஒரு நாள் காலையில், நீலப் புகையைக் கக்கிக்கொண்டு அந்த லாரி என் பட்டறை வாசலுக்கு வந்து நின்றது. முதலாளி முன்னால் இறங்கினார். டிரைவர் வெள்ளையன் இறங்கி, வண்டிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டான்.

"மேஸ்திரி, நான் ரிப்பேருக்கு வரலீங்க. சாட்சிக்கு வந்திருக்கேன்" என்றார் செங்கோடன்.

"எதுக்குச் சாட்சி?"

"இந்த டர்போவுக்குள்ள அவன் மண்ணப் போட்டிருக்கான். தொறந்து பாருங்க. ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க. மிச்சத்த நான் ஸ்டேசன்ல பாத்துக்கறேன்."

எனக்கு உடனே அவர் மேல் சந்தேகம் வந்தது. திறப்பதற்கு முன்னாலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் எதற்காக மெக்கானிக்கிடம் வருகிறார்? ஆனால் அவர் சொன்ன காரணங்களைக் கேட்டதும் வெள்ளையன் மேலும் சந்தேகம் வந்தது. டர்போ மாட்டிய அன்றே அதன் விசில் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ஊளையுடற வண்டி ஆகாதுங்க மொதலாளி, கழட்டிப்போடுங்க" என்று வெள்ளையன் சொல்லியிருக்கிறான். டீக்கடையில் நாலு பேர் முன்னாலும் அதையே சொல்லியிருக்கிறான். அது போதாதென்று, ஒவ்வொரு நடையும் மலை ஏறி முடித்ததும் வண்டியை ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் நிறுத்துகிறான் என்று யாரோ பார்த்துவந்து சொல்லியிருக்கிறார்கள்.

"அங்க என்னத்துக்குங்க நிக்கோணும்? மொதல்ல டீசலத்தான் எறக்கி விக்கறான்னு நெனச்சேன். இப்பத்தான் தெரியுது, அங்க வெச்சுத்தான் வேலயக் காட்டியிருக்கான்."

செங்கோடனைப் பற்றியும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். வண்டி திரும்பி வந்ததும் டேங்குக்குள் மூங்கில் குச்சியை விட்டு டீசலை அளந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். சந்தேகத்தில் எனக்கே அண்ணன். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நான் பொருளில் ஆரம்பித்து ஆளிடம் போவேன். அவர் ஆளில் ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுவார்.

வண்டியைச் சுற்றிக்கொண்டு வெள்ளையனிடம் போனேன். மலை மேலே இருக்கிற வாழவந்தி ஊர்க்காரன். கொஞ்சம் மானாவாரிக் காடு இருக்கிறது, அதில் சாமை விதைப்பான். மற்றபடி வீட்டில் அடுப்பு எரிவது இந்த ஸ்டியரிங்கை நம்பித்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து முறுக்கிக்கொண்டே நின்றான்.

"மேஸ்திரி, எம்பொண்ணு தலப்பெரசவத்துக்கு ஊட்டுக்கு வந்திருக்குதுங்க. போலீசு ஊட்டு வாசலுக்கு வந்தா அது தாங்காதுங்க. நானு ஒண்ணும் பண்ணலீங்க."

ஒன்றும் பண்ணவில்லை என்று சொல்லாத ஆளை நான் பார்த்ததே இல்லை. அதனால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் இல்லை, தள்ளிவிடவும் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. முதலாளியின் வண்டியைக் கெடுத்தான் என்று ஸ்டேஷனில் பெயர் விழுந்துவிட்டால், அப்புறம் சேலத்திலிருந்து சங்ககிரி வரைக்கும் எந்த லாரி முதலாளியும் இவனை ஏற்ற மாட்டான். என் ஒரு வார்த்தையில் இவன் பிழைப்பு இருந்தது. அந்த மாதிரி நேரத்தில் பயம் வரும். உங்களுக்கும் வரட்டும். பயம் வராதவன் இந்த வேலைக்கு வரக் கூடாது.

டர்போவைக் கழற்றினேன். மண் போட்டிருந்தால் காற்றை உள்ளே இழுக்கிற சக்கரத்தின் இறகுகள் தேய்ந்து கீறலாக இருக்கும். சுத்தமாக இருந்தன. விரலால் தடவினேன், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. தண்டை வெளியே எடுத்தபோதுதான் வியாதி தெரிந்தது. அடிப்பிடித்த பால் பாத்திரம் மாதிரி, தண்டைச் சுற்றிலும் ஆயில் கருகிக் கரியாகப் படிந்திருந்தது.

அதற்கு ஒரே அர்த்தம்தான். மலை ஏறி வந்த டர்போ நெருப்பாகச் சுட்டுக்கொண்டிருக்கும், சக்கரம் அசுர வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் இன்ஜினை நிறுத்தினால் ஆயில் உடனே நின்றுபோகும், சக்கரம் நிற்காது. தேங்கி நிற்கிற ஆயில் அந்தச் சூட்டில் கருகும். ஒரு நாள் செய்தால் தாங்கும். தினமும் செய்தால் எந்த டர்போவும் சாகும். ஏறி முடித்ததும் இன்ஜினைக் கொஞ்ச நேரம் மெதுவாக ஓடவிட்டு, சூடு தணிந்த பிறகுதான் நிறுத்த வேண்டும். டர்போ மாட்டுகிற எவனும் முதலில் சொல்லவேண்டிய விஷயம் இது.

செங்கோடனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"மண்ணு இல்லீங்க. ஏறி முடிச்சதும் இன்ஜினை உடனே நிறுத்தக் கூடாதுன்னு சேலத்துல சொன்னாங்களா?"

"சொன்னாங்க, சொன்னாங்க."

"டிரைவர்கிட்டே சொல்லி..."

"அதெல்லாம் அப்பவே சொல்லியாச்சுங்க."

நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அவசரமாக வருகிற பதில் எனக்கு ஆகாது. ஆனால் அவர் சொன்னது உண்மையாக இருந்தால் விஷயம் வேறு. நிறுத்தக் கூடாது என்று தெரிந்தே வெள்ளையன் நிறுத்தியிருக்கிறான் என்றாகும். மண்ணை அள்ளிப் போடுவதை விட அது பெரிய களவாணித்தனம். கையில் அழுக்குப் படாமல் டர்போவைக் கொல்லுகிற வழி அது. ஊளை பிடிக்காத ஆளுக்கு அதை விட லேசான வழி கிடையாது.

நேராக வெள்ளையனிடம் போய்க் கேட்டுவிட்டால் என்ன என்று நீங்கள் நினைப்பீர்கள். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான்? "ஓட விட்டுத்தானுங்க நிறுத்தறேன்" என்றிருப்பான். பயந்துபோய் நிற்கிறவன் நாம் எதைக் கேட்டாலும் நமக்குப் பிடித்த பதிலைத்தான் தேடுவான். திருடனும் அதையே சொல்வான், அப்பாவியும் அதையே சொல்வான். ஆகவே பயந்தவனிடம் கேள்வி கேட்காதீர்கள். அவன் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கையும் காலும் வாயைப் போல உஷாராக இருக்காது.

டர்போவுக்குப் புது உள்பாகங்கள் போட்டு மாட்டினேன். "பாரம் ஏத்துங்க, மேல வரைக்கும் நானும் வர்றேன். பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்றேன்.

செங்கோடன் யோசித்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"அதுவும் நல்லதுதானுங்க. ஏத்தம் முடியற எடத்துல முனியப்பன் இருக்காரு. அங்க கற்பூரத்தப் பத்தவெச்சு அவன அணைக்கச் சொல்றேன். அணைச்சுப்போட்டான்னா நானு விட்டுடறேன். கை நடுங்குச்சுன்னா நேரா ஸ்டேசன்தான்."

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் எங்கள் பக்கத்தில் கோர்ட்டு தீர்ப்புக்கு மேல். முனியப்பன் முன்னால் என்றால் கேட்கவே வேண்டாம். பொய்ச் சத்தியம் செய்தவன் வீடு விளங்காது என்பதில் முதலாளிக்கும் சந்தேகம் இல்லை, தொழிலாளிக்கும் சந்தேகம் இல்லை. வெள்ளையன் மறு பேச்சுப் பேசாமல் தலையாட்டினான். அவ்வளவு சுலபமாகத் தலையாட்டியதும் எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது.

மூன்று பேரும் முன்னால் உட்கார்ந்தோம். நடுவில் நான். செங்கோடன் ஜன்னலோரம். ரோட்டைப் பார்ப்பது போல உட்கார்ந்துகொண்டு நான் வெள்ளையனின் கையையும் காலையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவுக்கு முன்னாலேயே கியரை இறக்கினான். இன்ஜின் திணறுவதற்கு ஒரு இடத்திலும் விடவில்லை. கீழே இறங்கி வந்த பஸ் வழிவிட்டு நின்றபோது அந்த டிரைவருக்குக் கையைத் தூக்கிக் காட்டினான். ஒவ்வொரு திருப்பத்திலும் டர்போ விசிலடித்தது. ஒவ்வொரு முறையும் அவன் முகம் லேசாகச் சுளித்தது. ஆனால் கால் மட்டும் ஆக்சிலேட்டரைப் பக்குவமாகத்தான் மிதித்தது. இவ்வளவு பதமாக ஓட்டுகிறவன் கெடுப்பானா என்று ஒரு மனசு சொன்னது. பக்கத்தில் மெக்கானிக் இருக்கிறான் என்று பதமாக ஓட்டுகிறானோ என்று இன்னொரு மனசு சொன்னது. நான் இரண்டையும் கேட்டுக்கொண்டு அவன் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

"பாருங்க, எப்படி நல்லவனாட்டம் ஓட்டறான்னு" என்று செங்கோடன் என் காதில் சொன்னார். என் மனசில் ஓடியதை இன்னொருவர் வாயில் கேட்டபோது அசிங்கமாக இருந்தது.

ஏற்றம் முடிந்தது. ரோட்டோரம் ஒரு மரத்தடியில் நட்ட கல், அதற்கு மஞ்சளும் குங்குமமும், முன்னால் ஒரு வேல். அதுதான் முனியப்பன். வெள்ளையன் வண்டியை ஓரங்கட்டினான். ஹாண்ட் பிரேக்கைப் போட்டான். அதே வேகத்தில், மூச்சு விடுவதற்குள், இன்ஜினை நிறுத்துகிற குமிழை வெளியே இழுத்தான்.

இன்ஜின் அடங்கியது. மலையே அமைதியான மாதிரி இருந்தது. அந்த அமைதியில் பானட்டுக்குள்ளிருந்து டர்போவின் சக்கரம் மட்டும் ஆயில் இல்லாமல் தனியாகச் சுற்றித் தேய்கிற சத்தம் எனக்குக் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டு டர்போவையும் கொன்றது எது என்று என் கண் முன்னாலேயே தெரிந்துவிட்டது.

அதே நொடியில் இன்னொன்றும் தெரிந்தது. தெரிந்து கெடுக்கிறவன், முதலாளியும் மெக்கானிக்கும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அதைச் செய்வானா? அதுவும் போலீசுக்குப் போகிறேன் என்று மிரட்டியிருக்கிற அன்றைக்கு? இவன் ஒளிக்கவே இல்லை. தயங்கவே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போகிறவன் மாதிரி இயல்பாகச் செய்தான். அப்படியானால் இவனுக்குத் தெரியாது. இவனிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியாச்சு என்று அவசரமாகச் சொன்னவர் பொய் சொல்லியிருக்கிறார்.

இதை நான் கோத்துக்கொண்டிருக்கும்போதே இருவரும் இறங்கிவிட்டார்கள். நான் இறங்கி வருவதற்குள் செங்கோடன் சட்டைப் பையிலிருந்து கற்பூரத்தை எடுத்து, கல்லுக்கு முன்னால் இருந்த பலகைக் கல்லில் வைத்துப் பற்றவைத்துவிட்டார். பெரிய கட்டி. வெள்ளையன் வெறுங்காலோடு நின்று கும்பிட்டான்.

"இந்த வண்டிக்கு உன் கையால ஒரு கெடுதியும் நடக்கலேன்னு சொல்லி அணைடா" என்றார் செங்கோடன்.

வெள்ளையன் கையை நீட்டினான். துளி நடுக்கம் இல்லை. "எம்புள்ள வகுத்துல இருக்கற கொழந்த மேல சத்தியமா, இந்த வண்டிக்கு எங்கையால..."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சும்மா இருந்திருந்தால் போதும். அவன் அணைத்திருப்பான், முதலாளி விட்டிருப்பார், வேலையும் மிஞ்சியிருக்கும். ஆனால் கெடுதி நடந்தது அவன் கையால்தான். தெரியாமல் நடந்தாலும் அந்தக் கைதான் குமிழை இழுத்தது. இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு நான் அதை அவனுக்குச் சொல்லியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இந்த டர்போவும் சாகும். பிறக்காத குழந்தை மேல் பொய்ச் சத்தியம் பண்ணிவிட்டோம் என்று அப்போது அவனுக்குத் தெரியவரும். பிரசவத்தில் ஒரு சின்னச் சிக்கல் வந்தால்கூடப் போதும், ஆயுசுக்கும் அவன் அதிலிருந்து எழுந்திருக்க மாட்டான். தடுத்தாலோ அவன்தான் குற்றவாளி என்று நானே முத்திரை குத்தின மாதிரி ஆகும். எனக்கு முனியப்பன் மேல் எவ்வளவு நம்பிக்கை என்று கேட்காதீர்கள். அவன் நம்புகிறான், அது போதும்.

நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க மேஸ்திரி!" செங்கோடன் கத்தினார். "எதுக்கு அவங் கையப் புடிக்கறீங்க? அப்ப அவந்தான்னு வாயத் தொறந்து சொல்லுங்க! இல்ல, நீங்களும் இதுல கூட்டுங்களா?"

வெள்ளையன் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. நானும் அவனைச் சந்தேகப்பட்டுவிட்டேன் என்று நினைத்துவிட்டான். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் கையை விடாமலே கேட்டேன்.

"வெள்ளையா, ஏறி வந்ததும் இன்ஜினை எதுக்கு உடனே நிறுத்தின?"

அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. "சாமி முன்னாடி இஞ்சினு உறுமிக்கிட்டு நிக்கலாமுங்களா? எங்கப்பன் லாரி ஓட்டறப்பவே அப்படித்தானுங்க. நிறுத்திப்போட்டு, எறங்கிக் கும்புட்டு, துண்ணூறு எடுத்து ஸ்டேரிங்குல வெச்சுட்டுத்தான் போவாங்க. மொதலாளியும் அதத்தானுங்க சொல்லியிருக்காங்க, வண்டி நின்னா இஞ்சினு நிக்கோணும்னு."

முதலாளி எங்களைப் பார்க்காமல் முனியப்பனின் வேல் பக்கமாகக் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

"டர்போ வெச்ச வண்டியை அப்படி நிறுத்தக் கூடாது, கொஞ்ச நேரம் மெதுவா ஓட விடணும்னு உங்கிட்டே யாராச்சும் சொன்னாங்களா?"

"எதீங்க?" என்றான், எதைச் சொல்கிறீர்கள் என்கிற மாதிரி.

அந்த ஒரு சொல் போதும். நடிக்கிறவனுக்கு அந்த 'எதீங்க' வராது. நான் அவனுக்குச் சொன்னேன். சூட்டைப் பற்றியும், ஆயிலைப் பற்றியும், தண்டில் இருந்த கரியைப் பற்றியும் சொன்னேன். கேட்கக் கேட்க அவன் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. நீட்டியிருந்த கையைத் தானாகவே இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

"அப்ப ரெண்டயும் நாந்தான் கெடுத்தேனுங்களா? ஐயோ, புள்ள மேல சத்தியம் பண்ணப் பாத்தேனே!"

"கை உன்னுது. தப்பு உன்னுது இல்ல. சொல்லாதவங்க தப்பு" என்றேன். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபத்தில் குரல் கிறீச்சிட்டது. வேண்டுமென்றே முதலாளியைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"நானு சொன்னேனுங்க" என்றார் செங்கோடன். "அவன் காதுல வாங்கியிருக்க மாட்டான்."

வெள்ளையன் திரும்பினான். முதலாளியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத ஆள். சத்தம் போடவில்லை. கற்பூரத்தைக் காட்டினான்.

"எரிஞ்சுக்கிட்டுதான் இருக்குதுங்க மொதலாளி. எங்கிட்டச் சொன்னேன்னு சொல்லி நீங்க அணையுங்க. நானு இங்கியே சாவியக் குடுத்துப்போட்டு, உங்க கூட ஸ்டேசனுக்கு வர்றேன்."

செங்கோடன் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. ஒரு அடி முன்னால் வந்தார், கையை நீட்டினார். கை பாதி தூரம் போய் நின்றது. உள்ளங்கை சூட்டை வாங்கிக்கொண்டு அப்படியே இருந்தது. நாங்கள் மூன்று பேரும் அந்தக் கற்பூரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அது கரைந்து, நீலமாகி, ஒரு துளியாகி, தானாகவே அணைந்துபோனது. பலகைக் கல்லில் ஒரு கருப்பு வட்டம் மட்டும் மிஞ்சியது. அதற்குப் பிறகுதான் அவர் கையைக் கீழே போட்டார்.

"நின்ன வண்டிக்கு எதுக்குடா டீசலுன்னு நெனச்சேனுங்க" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். "ஓட விடச் சொல்றது டீசலு திருடறதுக்கு வழி சொல்லித் தர்றதாட்டம் இருந்துச்சுங்க. அவங்கிட்டச் சொன்னா, தெனமும் அந்தக் கணக்குல எறக்கிருவான்னு பயம். நொம்ப நாளா ஏமாந்தவனுங்க நானு." எனக்கு அவர் மேல் பரிதாபம் வந்தது என்று சொன்னால் பொய். பளாரென்று ஒன்று வைக்கலாம் போல இருந்தது.

பிள்ளைகளே, நீங்கள் ஒரு வண்டியில் புதிதாக எதைப் பொருத்தினாலும், அதற்கு என்ன வேண்டும் என்பதைச் சாவி வாங்க வருகிறவரிடம் சொல்லிவிட்டுக் கையைக் கழுவாதீர்கள். ஓட்டுகிறவனை வரவழைத்து அவன் காதில் நீங்களே போடுங்கள். அவனைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நடுவில் நிற்கிறவர் நல்லவராகவே இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

சிமெண்டு இன்னும் லாட்ஜுக்குப் போய்ச் சேரவில்லை. வெள்ளையன் கல்லிலிருந்து திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய் வண்டியில் ஏறினான். ஸ்டார்ட் செய்தான். நல்லவேளை, புது உள்பாகங்கள் போட்ட டர்போ ஒரு தடவையைத் தாங்கியிருந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"இனி இங்க வந்தா எத்தன நேரமுங்க ஓட விடோணும்?"

"சூடு தணியற வரைக்கும். ஒரு பீடி பத்தவெச்சுக் குடிச்சு முடிக்கற நேரம்."

"சாமி முன்னாடியேங்களா?"

"ஆமா. வேற வழியில்ல."

முனியப்பனை ஒரு முறை திரும்பிப் பார்த்தான்.

"சாமி பொறுத்துக்குமுங்க மேஸ்திரி. டீசலு எரியுதேன்னு மொதலாளி பொறுத்துக்குவாங்களான்னு நீங்களே ஒரு வார்த்த கேட்டுச் சொல்லிப்போடுங்க."

முதலாளி என் பக்கத்தில்தான், கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.